பெரியக்காவுக்கு ஒரு கைடு

கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தால் பேராசிரியர் உள்ளே இருக்கிறார். வெளிச்சத்தோடு மின்விசிறிச் சத்தமும் கேட்டால் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பார். வெளிச்சம் மட்டும் இருந்தால் கிளம்பிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அப்போது தட்டினால் எரிந்து விழுவார். கணினி அறிவியல் துறையின் இரண்டாம் மாடி நடையில் அந்த வாரம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பெரியக்கா கற்றுக்கொண்டது இவ்வளவுதான். தட்டுவதற்கு மட்டும் கை எழவில்லை. கை எழுந்தால் யாராவது நடையில் வந்தார்கள். உடனே பையைத் திறந்து எதையோ தேடுகிறவள்போல நின்றுகொள்வாள்.

பெரியக்கா என்பது வகுப்பு வைத்த பெயர். முதுகலை வகுப்பில் மற்ற எல்லோரும் கல்லூரி முடித்த சூட்டோடு வந்தவர்கள். இவளுக்கு எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் இருந்தாள். முதல் நாள் இவள் தயங்கித் தயங்கி உள்ளே நுழைந்ததும் ஒருவன் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். அவனைப் பார்த்து வகுப்பே எழுந்து நின்றது. "நானும் படிக்கத்தான் வந்திருக்கேன்" என்று இவள் சொன்னது முதல் வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் சிரித்தார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பொத்தான் அறுந்தால் ஊசி கேட்டும், தலைவலித்தால் மாத்திரை கேட்டும் அவளிடம்தான் வருவார்கள்.

அதற்கு முன்னால் அவள் ஒரு ஆஸ்பத்திரியில் பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடித் தடுப்பில் வட்டமாக ஒரு ஓட்டை. வருகிறவர்கள் குனிந்து அந்த ஓட்டைக்குள் பேசுவார்கள். பெயர், வயது, என்ன தொந்தரவு. அவள் தட்டச்சு செய்து சீட்டு எடுத்துக் கொடுப்பாள். சில மாதங்களுக்கு ஒருமுறை, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், கணினித் திரையை மாற்றிவிடுவார்கள். நேற்று இருந்த பொத்தான் இன்று இருக்காது. வரிசை வாசல் வரை நீளும். கத்துகிறவர்கள் இவளைப் பார்த்துத்தான் கத்துவார்கள். அந்தத் திரை மாடியில் ஒரு குளிர்சாதன அறையிலிருந்து வருகிறது என்று இவளுக்குத் தெரியும். ஒருநாள் அந்த அறைக்குள் போய் உட்கார வேண்டும் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. மாலை வகுப்பில் சேர்ந்து பட்டம் வாங்கிய பிறகுதான் வீட்டுக்காரருக்கே விஷயம் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் படிப்பு விடுப்பு கொடுத்தார்கள். முடித்துவிட்டு வந்தால் கணினிப் பிரிவு. முடிக்காவிட்டால் பழைய நாற்காலி. இரண்டாம் முறை விடுப்பு கிடையாது. மேலாளர் இதை முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

இப்போது ஆய்வேடு எழுத வேண்டிய நேரம். வெள்ளிக்கிழமை அலுவலகம் மூடுவதற்குள் ஆய்வை வழிநடத்தும் கைடு ஒருவரின் கையெழுத்தோடும் ஒரு தலைப்போடும் பதிவு செய்ய வேண்டும். செய்யாதவர்கள் அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது ஒரு வருஷம் ஊர் சுற்றுகிற விஷயம். இவளுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை.

இன்றைக்குப் புதன்கிழமை.

மெயில் அனுப்பாமல் இல்லை. போன வாரமே மூன்று பேருக்கு அனுப்பிவிட்டாள். ஆய்வுக்கூடத்தில் வருஷக்கணக்காகக் குடியிருக்கும் சீனியர் ஒருவன்தான் வழி சொன்னான். "அக்கா, கைடு புடிக்கிறதும் வாடகைக்கு வீடு புடிக்கிறதும் ஒண்ணு. உங்க வீடு மாதிரி ஒரு வீட்ட நான் பார்த்ததே இல்லன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லணும். நாலு வீட்டப் பார்த்தேன், இது தேறும்னு சொன்னா சாவி குடுப்பாரா?"

இவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மற்றவர்களாக இருந்தால் ஏதோ இரண்டு வரி கிறுக்கி அனுப்பியிருப்பார்கள். இவள் ஒவ்வொரு பேராசிரியர் எழுதிய கட்டுரைகளையும் தேடி எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காய்கறி நறுக்கும் நேரம் போக மீதி நேரமெல்லாம் படித்தாள். பிறகு எழுதினாள். மருத்துவப் படங்களைக் கணினியைக் கொண்டு ஆராய்வது தன் உயிர் மூச்சு என்று ஒருவருக்கு. வலைப்பின்னல்களைப் பாதுகாப்பது தன் உயிர் மூச்சு என்று இன்னொருவருக்கு. தரவுத்தளங்களே தன் உயிர் மூச்சு என்று துறைத் தலைவருக்கு. அந்த உயிர் மூச்சு வாக்கியம் மட்டும் அவளுக்கு அழகாக அமைந்துவிட்டது. மாற்ற மனசு வரவில்லை.

பதில்தான் வரவில்லை.

புதன்கிழமை மதியம் அலுவலகத்து அம்மா அவளைக் கூப்பிட்டார். துறையின் சாவிக்கொத்தும் முத்திரையும் அந்த அம்மாவின் மேசையில்தான் இருந்தன. துறையில் ஒரு ஈ பறந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

"ஏம்மா, கொஞ்சம் மாத்தி எழுதக் கூடாதா?"

"எத மேடம்?"

"மெயிலத்தான். நேத்து சாப்பாட்டு மேசையில ஒரே அமர்க்களம். எல்லாரும் கடைசி ரூம்ல ஒண்ணாத்தான சாப்பிடுவாங்க? தெரியாதா உனக்கு? இந்த மாசம் வந்தாலே டப்பாவத் திறந்து வெச்சுக்கிட்டு உங்க மெயிலத்தான் படிப்பாங்க. அதான் அவங்களுக்குத் தொட்டுக்க." அந்த அம்மாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "முதல்ல படம் சார் படிச்சாரு, உயிர் மூச்சுன்னு. நெட்வொர்க் சாரு, இருங்க இருங்கன்னு கையத் தொடச்சிட்டு போன எடுத்தாரு. அங்கயும் உயிர் மூச்சு. அப்புறம் ஹெட். அவருக்குப் புரையேறிப் போச்சு. இந்தம்மாவுக்கு மொத்தம் எத்தன மூக்குன்னு கேட்டாரு."

தரை பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது பெரியக்காவுக்கு. "சரிங்க மேடம்" என்றாள். எதற்குச் சரி என்று அவளுக்கே தெரியவில்லை. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, முகத்தில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினாள். கண்ணாடியைப் பார்க்காமல் வெளியே வந்தாள். அன்றைக்கு நடையில் நடக்கவில்லை. படிக்கட்டில் இறங்கும்போது எதிரே யாரும் வந்துவிடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டாள்.

அவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பாதி நாள் ஏதாவது ஒரு கட்டிடத்தின் குழிக்குள் நின்றுகொண்டிருப்பார். சாயங்காலம் கையில் கிரீஸ் கறையோடு வந்தவர், மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார்.

"என்ன, மூஞ்சி விழுந்து கெடக்கு?"

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் முழுவதையும் கொட்டிவிட்டாள். உள்ளறையில் படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகத்தோடு வெளியே வந்துவிட்டாள்.

"அம்மா, நான் பக்கத்துல இருக்கறவளப் பார்த்து எழுதினா திட்டற. நீ உன்னையே பார்த்து மூணு தடவ எழுதியிருக்கியே!"

"போடி உள்ள."

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. யோசித்தார். "லிஃப்ட்டுக்குள்ள சில பேரு ஏறின உடனே எல்லா மாடிக்கும் பட்டனை அழுத்திடுவாங்க. எதுக்கும் இருக்கட்டும்னு. அது ஒவ்வொரு மாடியிலயும் நின்னு கதவத் திறக்கும். ஒருத்தரும் ஏற மாட்டாங்க."

"உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் லிஃப்ட்டுதானா?"

"எனக்குத் தெரிஞ்சத சொன்னேன்." கையைத் தேய்த்துக் கழுவினார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? கிடைச்சா படி. இல்லன்னா விடு. நாற்காலி எங்கயும் போயிடல. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. திட்டியிருந்தால் எதிர்த்து நின்றிருப்பாள். இப்படி யாரும் ஒன்றும் சொல்லாமலேயே எல்லாம் முடிந்து போய்விடும். அந்த வட்ட ஓட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். பக்கத்துக் கவுண்டர்காரி ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்ன ஆச்சு என்று கேட்பாள். அத்தோடு சரி.

வியாழக்கிழமை காலையில் ஒரு மெயில் வந்திருந்தது. மூவரில் ஒருவரிடமிருந்தும் இல்லை. அந்த வருஷம்தான் துறையில் சேர்ந்த புது மேடத்திடமிருந்து. 'வந்து பார்க்கவும். படிக்கட்டுக்குப் பக்கத்து அறை' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. திட்டுவதற்குக்கூட இவரைத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனாள்.

அது முன்பு பழைய சாமான் போடுகிற அறை. இப்போதும் பாதி அப்படித்தான் இருந்தது. ஓட்டை மானிட்டர்களும் பிரிண்டர் அட்டைப்பெட்டிகளும் ஜன்னலை முக்கால்வாசி மறைத்திருந்தன. மிச்ச இடத்தில் ஒரு மேசை, ஒரு கணினி, பிஸ்கட் பொட்டலம், அதன் பின்னால் மேடம். பெரியக்காவைவிட எப்படியும் ஏழெட்டு வயது சின்னவராக இருப்பார். இவளைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டார். எழுந்த பிறகு, தான் எழுந்திருக்க வேண்டியதில்லை என்று ஞாபகம் வந்து உட்கார்ந்தார்.

"வாங்கக்கா... வாங்க. உக்காருங்க. அந்தப் பெட்டிய நகத்திட்டு உக்காருங்க."

பெரியக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு சாப்பாட்டு மேசையில ஹெட்டுக்கு மெயில் வந்திருக்கு. நெட்வொர்க் சாருக்கு வந்திருக்கு. படம் சாருக்கு வந்திருக்கு. நானும் மெதுவா மேசைக்குக் கீழ வெச்சு என் போனைத் திறந்து பார்த்தேன். எனக்கு வரல." மேடம் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "என்கிட்ட மட்டும் ஏன் பொய் சொல்லல?"

பெரியக்காவுக்கு எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியவில்லை.

"நீங்க புதுசுன்னு, மேடம்..."

"புதுசுன்னா பொய் சொல்லக்கூட லாயக்கில்லையா?"

"அப்படி இல்ல மேடம். சீனியர் சொன்னாங்க. புதுசா வந்தவங்ககிட்ட போனா கரை சேர முடியாதுன்னு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேடத்துக்குக் கோபம் வரவில்லை. சாய்ந்து உட்கார்ந்து அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார்.

"அவன் சொன்னா சொன்னதுதான். இந்த வருஷம் ஒருத்தர்கூட என்கிட்ட வரல. யாருமே வரலன்னா அடுத்த வருஷம் முழுக்க முதலாமாண்டு லேப்ல காவலுக்கு உக்கார வெச்சிடுவாங்க. ஆராய்ச்சிக்குன்னு குடுத்த இந்த ரூமும் போயிடும்." ஏதோ அரண்மனை பறிபோவது மாதிரி சொன்னார். பெரியக்கா அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு. நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. வெள்ளிக்கிழமைதான் இந்த மேடத்துக்கும் கெடு.

"என் சப்ஜெக்ட் என்னன்னு தெரியுமா? காட்டறேன்." கணினியைத் திருப்பினார். "இது ஒரு ப்ரோக்ராம். இது அதச் சரிபார்க்கற டெஸ்ட். ஓட்டறேன் பாருங்க. பச்சை. பாஸ். நான் எதையும் தொடல. திரும்பவும் ஓட்டறேன். பச்சை. திரும்பவும்." திரையில் சிவப்புக் கோடு விழுந்தது. "பார்த்தீங்களா? ஃபெயில்."

"ஏன் மேடம்?"

"அதான் தெரியாது. அதே ப்ரோக்ராம், அதே டெஸ்ட், அதே மெஷின். எல்லா கம்பெனியிலயும் இப்படி ஆயிரக்கணக்குல கிடக்கு. சிவப்பு வந்தா இன்னொரு தடவ ஓட்டிப் பச்சைய வரவெச்சு அனுப்பிடுவாங்க. யாருக்கும் இது பெருமையான வேலை இல்ல. எது இப்படி மாறுது, எதனால மாறுதுன்னு உக்காந்து பிரிக்கணும்." பெரியக்காவின் முகத்தையே பார்த்தார். "பிடிச்சிருக்கா?"

பெரியக்கா சிவப்புக் கோட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

"உண்மையச் சொல்லுங்க. உயிர் மூச்செல்லாம் வேணாம்."

"பிடிக்கல மேடம். பார்த்தா பயமா இருக்கு."

மேடம் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு மெல்லக் குறைந்தது. "பிடிக்காம எப்படி ஒரு வருஷம் தள்ளுவீங்க?"

"பிடிக்காத வேலைய வருஷக்கணக்கா பார்த்திருக்கேன் மேடம். ஒருநாள்கூட லேட்டா போனதில்ல. அரைகுறையா விட்டுட்டும் வந்ததில்ல." இவ்வளவு நீளமாகத் தான் பேசியது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "போகப்போகப் பிடிக்கலாம். பிடிக்கலன்னாலும் முடிச்சுக் குடுத்துடுவேன்."

மேடம் பிஸ்கட் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினார். பெரியக்கா ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஆனா ஒரு சிக்கல் இருக்கு" என்றார் மேடம். "முதல் வருஷத்துல நான் தனியா கைடா இருக்க முடியாது. சீனியர் ஒருத்தர் ரெண்டாவது கைடா கையெழுத்துப் போடணும். இங்க சீனியர்னா மூணே பேருதான்."

எந்த மூன்று பேர் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பிஸ்கட் அவள் உள்ளங்கையில் நொறுங்கியது.

"நான் கேட்டா, உங்களை வளைச்சுப் போட்டுட்டேன்னு நினைப்பாங்க. நான் தினமும் அந்த மேசையிலதான் சாப்பிட்டாகணும். நீங்களே போய் மெயில் தப்ப ஒத்துக்கிட்டு, கேட்டு வாங்கிட்டு வாங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் இந்த ரூமவிட்டு அசைய மாட்டேன்."

வெள்ளிக்கிழமை காலையிலேயே துறைக்கு வந்துவிட்டாள். துறைத் தலைவரின் கதவுக்குக் கீழே வெளிச்சம் இல்லை. ஏதோ கூட்டத்துக்காக வெளியூர் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார் என்று அலுவலகத்து அம்மா சொன்னார்.

அடுத்து நெட்வொர்க் சார். மதியம் வரை வகுப்பு, அப்புறம் சாப்பாடு, அப்புறம் யாரோ பார்க்க வந்தவர்கள். எல்லாம் முடிந்து அவர் கதவு திறந்தபோது நடையில் சாயங்கால வெயில் விழுந்துகொண்டிருந்தது. இவளைப் பார்த்ததும், "அடடே, ரெண்டாவது மூக்கா? வாங்க வாங்க!" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. எல்லோரையும் கிண்டல் செய்வார், தன்னையும் சேர்த்துத்தான். இவள் மென்று விழுங்கிச் சொல்லி முடிப்பதற்குள் நாலு தடவை சிரித்துவிட்டார்.

"கையெழுத்துதானம்மா? தாராளமா போட்டிருப்பேன். ஆனா ஏற்கெனவே என் தலையில ஏழெட்டு பேரு உக்காந்திருக்காங்க. அதுக்கு மேல ஏத்திக்க ரூல் இடம் குடுக்காது. படம் சார்கிட்ட போங்க." குரலைத் தணித்தார். "அவர்கிட்ட மட்டும் கொஞ்சம் பார்த்துப் பேசுங்க. அன்னைக்கு நாங்கதான் சிரிச்சோம். அவர் சிரிக்கல."

படம் சாரின் அறையில் வெளிச்சமும் இருந்தது, மின்விசிறியும் ஓடியது. பெரியக்கா கதவுக்கு வெளியே நின்றாள். இனி தள்ளிப்போட நாளில்லை. கை தானாகத் தட்டியது.

அவர் அதிகம் பேசாத மனிதர். உட்காரச் சொன்னார். மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை. அதில் அவருடைய மாணவர்களின் பெயர்களும், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தலைப்பும் எழுதியிருந்தன. கடைசியில் இருந்தது அவளுடைய பெயர். பெரியக்கா என்று இல்லை. அவளுடைய நிஜப் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல். எதிரே தலைப்பும் இருந்தது.

சொல்ல வந்தது எல்லாம் மறந்துவிட்டது.

"சார், என் பேரு..."

அவர் திரும்பிப் பார்த்தார். "ம். அது அன்னைக்குச் சாப்பிடப் போறதுக்கு முன்னாடி எழுதினது. என் கட்டுரையக் கடைசி வரைக்கும் படிச்சிட்டு எழுதின ஒரே ஆள் நீங்கதான். சரி, நல்ல ஆள் கிடைச்சதுன்னு எழுதி வெச்சேன். அப்புறம் மேசைக்குப் போனா..."

சிரித்தவர்கள் முன்னால் நிற்பது சுலபம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"தப்புதான் சார். யாருமே எடுத்துக்க மாட்டாங்களோன்னு பயம்."

"இப்பவும் அழிக்கல" என்றார் அவர். மேசை மேல் கிடந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். "தலைப்பு ரெடியா இருக்கு. நானே கைடு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். ஆசை இல்லாதவங்களோட என்னால வேலை செய்ய முடியாது. எனக்கு இதுதான் வேணும்னு என் மூஞ்சியப் பார்த்து ஒரு தடவ சொல்லுங்க. எழுத்துல வேணாம். இப்பவே போட்டுத் தரேன்."

வேணும் சார். இரண்டே சொல். நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. பைக்குள் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது, வீட்டுக்காரராக இருக்கும். சுவர்க் கடிகாரம் அவருடைய தலைக்கு மேலேயே இருந்ததால் அவரைப் பார்த்தாலே மணியும் தெரிந்தது. அலுவலகம் மூட அதிக நேரம் இல்லை. அவளுக்கு ஒன்றும் பெரிய நேர்மை பொங்கி வரவில்லை. பயம்தான் வந்தது. மெயிலில் சொன்ன பொய் அனுப்பியதோடு கழிந்தது. இந்த முகத்தைப் பார்த்துச் சொல்கிற பொய்யை வருஷம் முழுக்க வாரா வாரம் சோறு போட்டு வளர்க்க வேண்டும். ஆசை இருக்கிறவள்போல வர வேண்டும், ஆசை இருக்கிறவள்போலக் கேள்வி கேட்க வேண்டும். கவுண்டரில்கூட அப்படி ஒரு வேலை அவளுக்குக் கொடுத்ததில்லை.

"சொல்ல வரல சார்."

அவர் பேனாவை மூடினார். எழுந்து போய் உள்ளங்கையால் அவள் பெயரைத் துடைத்தார். தலைப்பு மட்டும் தனியாக நின்றது.

பெரியக்காவும் எழுந்துகொண்டாள். கதவு வரை போனவள், கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். இதற்கு வெளியே நடை மட்டும்தான் இருக்கிறது.

"சார், இன்னொண்ணு கேக்கணும். புது மேடம் கைடா இருக்கேன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டாவது கைடா ஒருத்தர் கையெழுத்து வேணும்."

அவர் பலகையிலிருந்து மெதுவாகத் திரும்பினார். "உங்களுக்குத் துணிச்சல் ஜாஸ்தி."

"இல்ல சார். வேற வழி இல்ல."

அவர் கணினி முன்னால் உட்கார்ந்து எதையோ தேடித் திறந்தார். அவளுடைய மெயில்.

"இதுல கடைசியில ஒரு வரி இருக்கு. ஏழாம் பக்கத்துல வர வரைபடம் எனக்குப் புரியலன்னு. அதுவும் மத்தது மாதிரிதானா?"

"இல்ல சார். அது நிஜம். மூணு நாலு தடவ படிச்சேன். இன்னும் புரியல."

"எது புரியல?"

"ரெண்டு கோடு போகுது. எந்தக் கோடு எதுன்னு எங்கயும் எழுதல."

அவர் கட்டுரையைத் திறந்து ஏழாம் பக்கத்துக்குப் போனார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையருகே குனிந்தார். "அட ராமா" என்று அவர் வாய்க்குள்ளேயே சொன்னது அவளுக்குக் கேட்டது. நிமிர்ந்தபோது அவருடைய முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

"எங்கிட்ட இருக்கற பசங்க எல்லாரும் இத அற்புதமான வரைபடம்னு சொன்னாங்க." அவள் கொண்டுவந்திருந்த பதிவுக் காகிதத்துக்காகக் கையை நீட்டினார். "கையெழுத்து போடறேன். ஆனா வியாழக்கிழமைதோறும் என் பசங்க ஆய்வப் பத்திப் பேசறப்போ நீங்க வந்து உக்காரணும். புரியலன்னா புரியலன்னு சொல்லணும். ஆசையெல்லாம் வேணாம்."

"வரேன் சார்."

"அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லுங்க, சாப்பாட்டு மேசையில கொஞ்சம் வாயத் திறந்து பேசச் சொல்லி."

அவள் படிக்கட்டுப் பக்கத்து அறைக்கு ஓடினாள். இந்தக் கட்டிடத்தில் அவள் ஓடியது அதுதான் முதல் தடவை. மேடம் சொன்னபடியே அசையாமல் உட்கார்ந்திருந்தார். காகிதத்தில் இருந்த கையெழுத்தைப் பார்த்ததும், "போட்டுட்டாரா? அவரா?" என்று கேட்டுக்கொண்டே தன் பெயரைக் கோணலாகப் போட்டார். இருவரும் அலுவலகத்துக்கு வந்தபோது அந்த அம்மா கவுண்டர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.

"மேடம் மேடம்!" என்று இரண்டு குரல்கள் சேர்ந்து எழுந்தன.

அலுவலகத்து அம்மா ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்தார். "ரெண்டு பேருமா? கிழிஞ்சுது போங்க. குடுங்க." கணினியைத் திரும்பவும் போட்டார். அது உயிர்பெறும் வரை மூவரும் அதையே பார்த்தார்கள். "தலைப்பு?"

பெரியக்கா மேடத்தைப் பார்த்தாள். மேடம் பெரியக்காவைப் பார்த்தார். நேற்றிலிருந்து கையெழுத்தைப் பற்றி மட்டுமே நினைத்திருந்தார்கள்.

"தலைப்பு இல்லாமலா வந்தீங்க?"

"இருக்கு, இருக்கு" என்றார் மேடம். அவருக்கு வியர்த்தது. "எழுதிக்குங்க. நிரல் சோதனைகளில்... இல்ல, வேணாம். மென்பொருள் நம்பகத்தன்மையை... ஐயோ, இருங்க."

"நான் பஸ்ஸப் புடிக்கணும்மா."

பெரியக்கா ஷட்டருக்குக் கீழே குனிந்தாள். "ஒன்றும் மாற்றாமலே ஒரு முறை தேறி ஒரு முறை தோற்கும் சோதனைகள்: எவை, எதனால். அப்படிப் போடுங்க மேடம்."

தட்டச்சுச் சத்தம் கேட்டது. மேடம் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"கடைசியா ஒரு கட்டம் இருக்கு" என்றார் அலுவலகத்து அம்மா. "இந்தத் தலைப்பில் மாணவருக்கு ஆர்வம் ஏற்பட்ட காரணம்."

"காலியா விடலாமா மேடம்?"

"விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியக்கா அவர் கையை லேசாகத் தொட்டு நிறுத்தினாள்.

"இனிமேல்தான் தெரியும்னு போடுங்க."

அலுவலகத்து அம்மா ஒரு கணம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அப்படியே தட்டினார். கணினி ஏற்றுக்கொண்டது. பதிவுச் சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் ஷட்டரை முழுதாக இறக்கினார். பைக்குள் கைப்பேசி மறுபடியும் அதிர்ந்தது. பெரியக்கா எடுத்தாள்.

"என்ன ஆச்சு?" என்றார் வீட்டுக்காரர். அவருடைய குரல் ஏதோ குழிக்குள்ளிருந்து வந்தது.

"கைடு கிடைச்சாச்சு" என்றாள். பக்கத்தில் நின்ற மேடத்தைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். "ரெண்டு பேரு. பயமா இருக்குங்க. வர லேட்டாகும், மேடம் ரூம்ல பெட்டியெல்லாம் நகத்தி எனக்கு ஒரு மேசை போடணும்."